அதிர்வை அடக்க எத்தனை வாட் வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கட்டடம், பாலம், இயந்திர மேடை எதுவானாலும் அது ஆடும்போது அதை மின்சாரத்தால் அடக்குவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அநேகமாக எல்லாக் கேள்விகளிலும் ஒரே எண்ணம் தெரிகிறது: பெரிய ஆட்டத்தை அடக்கப் பெரிய மோட்டார் வேண்டும் என்பது. ஆடுகிற பொருளிடம் இருக்கும் ஆற்றலை வெளியே எடுப்பதுதான் தணிப்பு. எடுக்கிற வேலைக்கு ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதிச் செலவு குறைந்துவிடும்.

கேள்வி (கோவை, பொறியியல் மாணவி): இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக 500 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் உள்ள எஃகுப் பட்டையை ஒரு முனையில் வைஸில் இறுக்கியிருக்கிறோம். மறுமுனையில் ஸ்பீக்கர் காயில், கூடவே ஆம்ப், அர்டுயினோ (நிரல் ஓடும் சிறு போர்டு), முடுக்கத்தை அளக்கும் எம்பியூ-6050 சென்சார். மெதுவான ஆட்டம் கொஞ்சம் குறைகிறது. கெயினை, அதாவது எதிர்விசையின் பெருக்கத்தை, கூட்டினால் பட்டை தானாகவே 'உம்ம்' என்று இரைய ஆரம்பிக்கிறது. ஆம்ப்பும் கை வைக்க முடியாமல் சுடுகிறது. எங்கே தப்பு?

பதில்: அந்த 'உம்ம்' சத்தத்திலேயே விடை இருக்கிறது. நீங்கள் சொன்ன அளவுகளுக்கு முதல் அதிர்வெண் சுமார் 6.7 ஹெர்ட்ஸ். அது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது. இரண்டாவது அதிர்வெண் 42 ஹெர்ட்ஸ். இரைவது அதுதான்.

தணிக்க வேண்டுமானால் விசை, பட்டை ஓடும் திசைக்கு நேர் எதிராக இருக்க வேண்டும். உங்கள் சென்சார், நிரல், ஆம்ப் எல்லாம் சேர்ந்து 10 மில்லிவினாடி தாமதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 6.7 ஹெர்ட்ஸுக்கு அது 24 டிகிரி பிந்தல், பெரிய பாதகமில்லை. அதே 10 மில்லிவினாடி 42 ஹெர்ட்ஸுக்கு 151 டிகிரி. 90 டிகிரியைத் தாண்டினால் எதிர்க்க வேண்டிய விசை கூடவே தள்ள ஆரம்பித்துவிடும். ஊஞ்சலை நிறுத்தப் போனவர், கை பிந்திப்போனதால் இன்னும் வேகமாக ஆட்டிவிடுவதைப் போல. கெயினைக் கூட்டக் கூட்ட முதல் ஆட்டம் அடங்கும், இரண்டாவது வளரும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது? முதல் சந்தேகம் சென்சாருக்குள் இருக்கும் டிஜிட்டல் ஃபில்டர் மேல். எம்பியூ-6050-இல் அதை 10 ஹெர்ட்ஸில் வைத்தால் முடுக்க அளவீடு 13.8 மில்லிவினாடி பிந்தும், 44 ஹெர்ட்ஸில் 4.9, 184 ஹெர்ட்ஸில் 2 மில்லிவினாடி. ரீடிங் வழுவழுப்பாகத் தெரிகிறது என்று கீழான அமைப்பில் வைத்திருப்பீர்கள், 184-க்கு மாற்றுங்கள். இரண்டாவது சந்தேகம் லூப்பின் நடுவே இருக்கும் சீரியல் பிரிண்ட். 9600 வேகத்தில் ஓர் எழுத்து போக ஏறக்குறைய 1 மில்லிவினாடி ஆகும். பஃபர் நிறைந்துவிட்டால் பத்து எழுத்துக்குப் பத்து மில்லிவினாடி நிரல் அப்படியே நிற்கும். சோதனை ஓடும்போது பிரிண்ட் வரியை எடுத்துவிடுங்கள். மூன்றாவது, சென்சாரும் காயிலும் பட்டையில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். காயில் முனையிலும் சென்சார் நடுவிலும் இருந்தால், இரண்டாவது அதிர்வெண்ணில் பட்டை வளையும் வடிவத்தில் அந்த இரு இடங்களும் எதிரெதிர்த் திசையில் ஓடும். அப்போது தாமதமே இல்லாவிட்டாலும் இரையும். முடுக்கத்தைத் தொகுத்து வேகமாக்கும்போது 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் சென்சாரின் சிறு பிழை சேர்ந்து சேர்ந்து காயிலை ஒரு பக்கமாகவே தள்ளிக்கொண்டிருக்கும், ஆம்ப் சுடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மின்சாரக் கணக்கு. இதைத்தான் புராஜெக்ட்டின் மையமாக வைக்கச் சொல்வோம். பட்டையின் எடை 235 கிராம். முதல் ஆட்டத்தில் முனையில் உணரப்படும் எடை அதில் கால் பங்கு, சுமார் 59 கிராம். 10 சதவீதத் தணிப்புக்கு (இழுத்து விட்டால் ஆடாமலே திரும்பி நிற்கும் அளவு 100 சதவீதம்) முனையில் வேண்டியது மீட்டர்/வினாடிக்கு 0.5 நியூட்டன். முனை 10 மி.மீ. ஆடினால் உச்ச வேகம் 0.42 மீ/வி, விசை 0.2 நியூட்டன். பட்டையிலிருந்து எடுக்க வேண்டிய சராசரித் திறன் 44 மில்லிவாட். அதற்குப் போய் சும்மா இருக்கும்போதே பல வாட் தின்னும் ஆம்ப்பை வைத்திருக்கிறீர்கள்.

ஆம்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு இதைச் செய்து பாருங்கள். காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மட்டும் பற்றவையுங்கள். காயில் 8 ஓம், அதன் விசை எண் ஓர் ஆம்பியருக்கு 5 நியூட்டன் என்றால், கிடைக்கும் தணிப்பு 5-இன் வர்க்கத்தை மொத்த ஓமால் வகுத்தது: 25/55, அதாவது 0.45. காயிலின் எடையையும் சேர்த்துப் பார்த்தால் 8 முதல் 9 சதவீதம். பேட்டரி இல்லை, நிரல் இல்லை, தாமதமும் இல்லை. ரெசிஸ்டரை எடுத்துவிட்டு முனைகளை நேரடியாகச் சேர்த்தால் தணிப்பு மீட்டர்/வினாடிக்கு 3 நியூட்டனுக்கு மேல் போகும். அது தேவைக்கு மிக அதிகம். இன்னும் கூட்டிக்கொண்டே போனால் முனை கட்டிப்போட்டதுபோல் நின்றுகொண்டு நடுப்பகுதி ஆடும்.

விசை எண்ணை நீங்களே அளந்துவிடலாம். காந்தத்தை டிஜிட்டல் தராசின் மேல் 10 செ.மீ. மரக்கட்டை வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். காந்தம் தராசுக்கு நேர் அருகே இருந்தால் ரீடிங் கெடும். காயிலைத் தனி ஸ்டாண்டில் பிடித்துக் காந்த இடுக்கில் இறக்கி, 0.1 ஆம்பியர் விடுங்கள். தராசு 51 கிராம் மாறினால் விசை எண் 5.

காயிலைப் பட்டையில் ஒட்டும்போது கூம்பையும் ஸ்பைடர் என்று சொல்லும் மடிப்புத் துணியையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். உங்கள் பட்டையை முனையில் 1 மி.மீ. வளைக்க 0.1 நியூட்டன் போதும். சிறிய ஸ்பீக்கரின் துணி அதைப் போலப் பல மடங்கு விறைப்பு. அதை விட்டுவைத்தால் நீங்கள் ஆராய்வது பட்டையை அல்ல, ஸ்பீக்கரை. காந்த இடுக்கின் ஆழத்தையும் பாருங்கள். 4 மி.மீ.க்கு மேல் ஆடினால் பெரும்பாலான சிறு காயில்கள் காந்தப்புலத்தை விட்டு வெளியே வந்துவிடும், தணிப்பு சட்டென்று குறையும்.

தணிப்பை அளக்க எளிய வழி: பட்டையை இழுத்து விட்டு, ஆட்டம் பாதியாக எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுங்கள். 0.11-ஐ அந்த எண்ணால் வகுத்தால் தணிப்பு விகிதம் கிடைக்கும். வெறும் பட்டைக்கு 37 சுற்று வந்தால் 0.3 சதவீதம். ரெசிஸ்டர் போட்டபின் ஒன்றரைச் சுற்றுக்குள் பாதியாக வேண்டும். இந்த இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துவிட்டு, அதற்குப் பிறகு ஆம்ப் கூடுதலாக என்ன தருகிறது என்று காட்டுங்கள். தேர்வாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி (திருச்சி): ஜப்பானில் ஒரு கட்டடத்தில் 70 வாட் மின்சாரத்தில் 1,000 கிலோநியூட்டன் விசை எடுக்கிறார்கள் என்று படித்தேன். நூறு டன் எடைக்குச் சமமான விசை ஒரு குண்டு பல்பின் மின்சாரத்தில் எப்படிச் சாத்தியம்?

பதில்: நீங்கள் படித்தது 1998-இல் முடிந்த கஜிமா நிறுவனத்தின் ஷிசுவோகா கட்டடம். ஐந்து மாடி, எட்டு டேம்பர்கள். விசையைத் தருவது அந்த 70 வாட் அல்ல, கட்டடம்தான். டேம்பர் என்பது எண்ணெய் நிரம்பிய சிலிண்டர். நிலநடுக்கத்தில் தளம் நகரும்போது பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் போகும் வழியில் இருக்கும் வால்வை எவ்வளவு திறப்பது என்பதை மட்டுமே மின்சாரம் முடிவு செய்கிறது. குழாயடியில் வரும் தண்ணீரின் வேகம் உங்கள் விரல் பலத்தாலா வருகிறது? திருகைத் திருப்ப மட்டும்தானே விரல்! இதற்கு அரைச்செயல் தணிப்பு என்று பெயர். ஆற்றல் மிச்சம் என்று பார்த்தால் பெரிய கட்டமைப்புகளுக்கு இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. வால்வால் எதிர்க்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. ஆகவே நிரல் ஒவ்வொரு கணமும் இரண்டைப் பார்க்கிறது: என்ன விசை வேண்டும், பிஸ்டன் எந்தப் பக்கம் ஓடுகிறது. வேண்டிய விசை ஓட்டத்துக்கு எதிராக இருந்தால் வால்வை அதற்கேற்ப இறுக்கும். ஓட்டத்தின் திசையிலேயே விசை வேண்டும் என்று கணக்கு சொன்னால், வால்வை முழுதாகத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும். இந்தச் 'சும்மா இருத்தல்' முக்கியம். தன்பாட்டில் ஆற்றலை உள்ளே செலுத்தாத அமைப்பு என்பதால், நிரல் தப்பாகவே போனாலும் கட்டடத்தை ஆட்டிக் கெடுக்கும் ஆபத்து மிகக் குறைவு. கோவை மாணவியின் பட்டைக்கு வந்த நோய் இதற்கு அவ்வளவு எளிதில் வராது.

வால்வுக்குப் பதிலாகக் காந்தத் திரவம் வைப்பது இன்னொரு வகை. எண்ணெயில் சில மைக்ரான் அளவு இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். பிஸ்டனில் சுற்றிய காயிலில் மின்சாரம் விட்டால் துகள்கள் சங்கிலிபோல் கோத்துக்கொண்டு, சில மில்லிவினாடிகளில் திரவம் களிபோல் கெட்டிப்படும். 200 கிலோநியூட்டன் தரும் பெரிய டேம்பருக்கும் 50 வாட்டுக்குள் போதும். தோக்கியோவின் மிராய்கான் அறிவியல் அருங்காட்சியகத்தில் 2001-இல் 30 டன் விசை தரும் இரண்டை வைத்தார்கள். சீனாவின் டோங்டிங் ஏரிப் பாலத்தில், மழையும் காற்றும் சேர்ந்து ஆட்டிய தாங்கு கம்பிகளுக்கு 2002-இல் 312 சிறிய டேம்பர்கள் போட்டார்கள். இதன் பலவீனம் படிவு. பல ஆண்டுகள் அசையாமல் இருந்தால் இரும்பு அடியில் தங்கிவிடும். வாங்குமுன் திரவத்தின் படிவு எதிர்ப்பு பற்றியும், சீலின் ஆயுள் பற்றியும் கேட்காமல் விடாதீர்கள். துகள் அரிப்பதால் முதலில் போவது சீல்தான்.

கேள்வி (சிங்கப்பூர்): தைப்பே 101 கட்டடத்தின் ஆட்டத்தை அடக்கத் தொங்கும் உருண்டைக்கு மின்சாரமே இல்லை என்கிறார்கள். ஷாங்காயில் மோட்டார் வைத்திருக்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி. தைப்பே 101-இன் உருண்டை 660 டன். 12.5 செ.மீ. தடிமனுள்ள 41 எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்தது, விட்டம் 5.5 மீட்டர். அடியில் எட்டு ஹைட்ராலிக் பிஸ்டன்கள். 2015 ஆகஸ்டில் சௌடெலர் புயலின்போது அது ஒரு மீட்டர் ஆடியது. அவ்வளவு எடையைத் தாங்கவும் ஆடவும் பல மாடி உயர இடம் அங்கே கிடைத்தது. இடமும் எடையும் இருந்தால் மின்சாரம் வேண்டியதில்லை.

இடம் இல்லாவிட்டால்தான் மோட்டார். உலகில் முதலில் முழுச்செயல் முறையில், அதாவது கருவியே விசை கொடுத்து எதிர்க்கும் முறையில், அடக்கப்பட்ட கட்டடம் 1989-இல் தோக்கியோவில் வந்த கியோபாஷி செய்வா. 11 மாடி, ஒல்லியான உடம்பு, சுமார் 400 டன். உச்சியில் 4 டன்னில் ஒன்று, 1 டன்னில் ஒன்று என இரண்டு எடைகளை ஹைட்ராலிக் கருவிகள் நகர்த்தின. பெரியது பக்கவாட்டு ஆட்டத்துக்கு, சின்னது முறுக்கத்துக்கு.

இதில் மின்சாரம் எங்கே போகிறது என்று பாருங்கள். 10 டன் எடையை 0.2 ஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் அங்கும் இங்கும் மோட்டாரால் மட்டுமே ஓட்டினால், உச்சத் திறன் கிட்டத்தட்ட 10 கிலோவாட். கால் சுற்று வேகம் கூட்டச் செலவழித்து, அடுத்த கால் சுற்றில் பிரேக் போட்டு அதையே சூடாக்கி விடுகிறோம். கட்டடத்தைத் தணிப்பதற்கு இதில் போவது சிறு பங்குதான். அதே எடையை 6.2 மீட்டர் நீளக் கயிற்றில் தொங்கவிட்டால் அது தானாகவே 0.2 ஹெர்ட்ஸில் ஆடும். போய்வரும் வேலையை ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும், மோட்டார் வித்தியாசத்தை மட்டும் கொடுத்தால் போதும். 492 மீட்டர் உயரமுள்ள ஷாங்காய் உலக நிதி மையத்தில் 150 டன்னில் இரண்டு எடைகள் இப்படி மோட்டார் துணையோடு தொங்குகின்றன. கூடவே லிஃப்ட்டுகளில் வருகிற ரீஜெனரேட்டிவ் டிரைவைப் போட்டால் பிரேக் ஆற்றலும் கெப்பாசிட்டருக்குத் திரும்பும். எந்தத் திட்ட அறிக்கையிலும் 'மோட்டார் எத்தனை கிலோவாட்' என்று கேட்பதோடு நிற்காமல், 'ஒரு சுற்றில் எவ்வளவு திரும்பி வருகிறது' என்றும் கேளுங்கள்.

கேள்வி (மதுரை, கட்டமைப்பு ஆலோசகர்): இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எஃகு நடைமேடை. 2 ஹெர்ட்ஸில் ஆடுகிறது, நடப்பவர்கள் பயப்படுகிறார்கள். ஆடும் எடை சுமார் 10 டன், தணிப்பு 0.5 சதவீதம். ஆக்டிவ் (முழுச்செயல்) டேம்பர் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். 2 ஹெர்ட்ஸ் என்பது மனித நடையின் வேகம், அதனால்தான் உங்கள் மேடை மாட்டிக்கொண்டது. லண்டன் மில்லினியம் பாலம் 2000 ஜூன் 10-இல் திறந்து, பக்கவாட்டில் ஆடி, இரண்டே நாளில் மூடப்பட்டது. அதைக் குணப்படுத்தியவை 37 பிசுப்பு டேம்பர்களும் 52 இசைவித்த எடைகளும் (பாலத்தின் அதிர்வெண்ணுக்கு ஒத்து ஆடும்படி ஸ்பிரிங்கில் வைத்த எடைகள்). மின்சாரம் இல்லை. 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள்.

உங்களுக்கு 100 கிலோ எடை ஒன்று போதும், நடு இடைவெளியில், மேடைக்கு அடியில். இசைவிக்க வேண்டியது 2-க்கு அல்ல, 1.98 ஹெர்ட்ஸுக்கு. மொத்த ஸ்பிரிங் விறைப்பு மி.மீ.க்கு 15.5 நியூட்டன். நான்கு ஸ்பிரிங் என்றால் ஒவ்வொன்றும் 3.87. எடையைத் தொங்கவிட்டதும் 63 மி.மீ. இறங்கும், அதற்கும் மேல் ஆட இடம் விடுங்கள். எண்ணெய் டேம்பர் மீட்டர்/வினாடிக்கு 150 நியூட்டன், அதாவது 6 சதவீதம். இப்போது 100 மடங்காகப் பெருகும் ஆட்டம் சுமார் 14 மடங்குக்கு இறங்கும்.

தப்பு நடப்பது இசைவில். மேடையில் 20 பேர் பரவி நின்றால் ஆடும் எடையில் 0.7 டன் சேரும், அதிர்வெண் 1.93-க்கு இறங்கும். மூன்று சதவீதம்தான், ஆனால் இவ்வளவு சிறிய எடைக்கு அது பெரிய விலகல். ஆகவே 100 கிலோவை 50, 50 ஆகப் பிரித்து 1.99-க்கும் 1.93-க்கும் இசைத்துவிடுங்கள். அதுவும் போதாது என்றால் மட்டும், ஸ்பிரிங்கின் பயன்நீளத்தை மாற்றும் ஒரு சின்ன கியர் மோட்டார் வைக்கலாம். அதிர்வெண் மாறும்போது மட்டும் சில வினாடி ஓடிவிட்டு நின்றுவிடும். ஸ்பிரிங்குகளை ஆர்டர் செய்யுமுன், மேடை கட்டி முடிந்த நிலையில் அதிர்வெண்ணை அளந்துகொள்ளுங்கள். கணினி மாதிரி சொல்லும் எண்ணை நம்பி வெட்டிய ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை, கைப்பிடிச் சுவரும் தரை ஓடும் தரும் விறைப்பு மாதிரிக்குள் வருவதே இல்லை. எடையில் 2 கிலோ தகடுகளாகக் கழற்றி மாட்ட வழி வையுங்கள். கடைசி இசைவு அவற்றில்தான் நடக்கும்.

கேள்வி (கும்பகோணம்): கல்யாண மண்டப மொட்டை மாடியில் 1,440 ஆர்.பி.எம். ஏசி ப்ளோயர். கீழ் அறை அதிர்கிறது. ரப்பர் பேட் போட்டும் குறையவில்லை. டேம்பர் போடலாமா?

பதில்: உங்களுக்கு வேண்டியது தணிப்பு அல்ல, பிரித்துவைத்தல். 1,440 ஆர்.பி.எம். என்றால் 24 ஹெர்ட்ஸ். உங்கள் பேட் ப்ளோயரின் எடைக்கு 1 மி.மீ. அமுங்கினால் அதன் அதிர்வெண் 16 ஹெர்ட்ஸ் ஆகும், முக்கால் பங்கு அதிர்வு அப்படியே கீழே போகும். 4 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் மவுண்ட் போட்டால் எட்டில் ஒரு பங்குதான் போகும். இந்த நிலையில் டேம்பர் சேர்த்தால் அதுவே அதிர்வைக் கீழே கடத்தும் பாலமாகிவிடும். குழாயையும் டக்ட்டையும் நெகிழ் இணைப்பால் சேர்க்க மறக்காதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பீசோ தகடு (வளைந்தால் மின்னழுத்தம் தரும் தகடு) ஒட்டி, ஒரு இண்டக்டரை (கம்பிச் சுருளை) இணைத்தால் மின்சாரமே இல்லாமல் அதிர்வு தணியும் என்கிறார்களே?

பதில்: தணியும், அதிர்வெண் உயர்வாக இருந்தால். 50 நானோஃபேரட் தகட்டுக்கு 200 ஹெர்ட்ஸில் 12.7 ஹென்றி இண்டக்டர் வேண்டும். 6.7 ஹெர்ட்ஸில் 11,000 ஹென்றிக்கு மேல்! அப்படி ஒன்றைச் சுற்ற முடியாது. ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லு கொண்டு போலி இண்டக்டர் செய்வார்கள், அதற்கு மின்சாரம் வேண்டும். இதைவிட நல்ல வழி சுவிட்ச் முறை. 0.1 ஹென்றி போதும். பட்டை ஒவ்வொரு உச்சத்தையும் தொடும் கணத்தில் சுவிட்சை 220 மைக்ரோவினாடி மூடித் திறந்தால், தகட்டின் மின்னழுத்தம் தலைகீழாகத் திரும்பி ஓட்டத்தை எதிர்க்கும். சுவிட்சுக்கு வேண்டிய சிறு மின்சாரத்தைத் தகடே தந்துவிடும். உச்சத்தைத் தவறவிட்டால் பலன் இல்லை. சிக்னலில் இரைச்சல் இருந்தால் சுவிட்ச் ஒரே உச்சத்தில் இரண்டு மூன்று முறை அடிக்கும், ஆகவே ஒருமுறை அடித்ததும் கால் சுற்று பூட்டிவைக்கும் வழி நிரலிலோ சுற்றிலோ இருக்க வேண்டும்.

கேள்வி (சென்னை): நிலநடுக்கம் வந்தால் முதலில் போவது கரண்ட். அப்போது இந்த டேம்பர்கள் என்ன ஆகும்?

பதில்: வடிவமைக்கும்போது முதல் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது. அரைச்செயல் டேம்பரில் மின்சாரம் போனால் வால்வு எந்த நிலையில் நிற்கும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். நடுத்தரத் திறப்பில் நின்றால் சாதாரண எண்ணெய் டேம்பராக வேலை செய்துகொண்டிருக்கும். காந்தத் திரவ வகையில் ஒரு நிலைக்காந்தத்தைப் பிஸ்டனுக்குள் வைத்துவிட்டால், காயில் செத்தாலும் பாதி விசை இருக்கும். முழுச்செயல் எடையில் பிரேக் தானாக விழுந்து எடையைப் பூட்ட வேண்டும். பூட்டாத நான்கு டன் உச்சியில் தன்பாட்டில் ஓடக் கூடாது.

பேட்டரிச் செலவு பயப்படும்படி இல்லை. 70 வாட் டேம்பர் எட்டும் பத்து நிமிடம் ஓட 93 வாட்-மணி போதும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1,800 வாட்-மணி இருக்கிறது. பராமரிப்புதான் பிரச்சினை. பத்து ஆண்டு யாரும் கூப்பிடாத பேட்டரி, கூப்பிடும் நாளில் செத்துக் கிடக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு லோடு கொடுத்துச் சோதித்து, தேதியைப் பேட்டரியின் மேலேயே பெயிண்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை எல்லா வால்வுகளையும் நிரலே ஒருதரம் திறந்து மூடி, எது அசையவில்லை என்று காவலாளியின் அறையில் ஒரு சிவப்பு விளக்கில் காட்டட்டும்.